சைலன்ஸர் வேலைக்குப் பிறகு செக் லைட்: சென்சார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சைலன்ஸர் பைப்பை மாற்றி, மேனிஃபோல்டுக்கு (இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் முதல் குழாய்) புது பேக்கிங் போட்டு, வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வேலூரின் காட்பாடி பாலம் ஏறுவதற்குள் டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். திரும்பிப் போனால் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சுண்ணா, மாத்திடலாம்" என்பார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து மாற்றினாலும் மூன்றாம் நாள் அதே விளக்கு, ஸ்கேனரில் அதே பழுதுக் குறியீடு (பட்டறை பாஷையில் 'கோடு').

நேற்று வரை ஒழுங்காக இருந்த சென்சார், சைலன்ஸரைக் கழற்றி மாட்டிய அன்றே தானாகச் சாவது அபூர்வம். செத்திருந்தால், வேலையின்போது யாரோ அதைக் கீழே போட்டிருப்பார்கள், இல்லை அது மாட்டியிருக்கும்போதே பைப்பில் வெல்டிங் வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அதுகூட நடந்திருக்காது. பேக்கிங் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்காது, ஒயர் சூடான பைப்பில் பட்டிருக்கும், அல்லது எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். கோடில் சென்சாரின் பெயர் வந்தால், அந்த சென்சாரிலிருந்து வரும் சேதி ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். சேதி கொண்டுவந்தவனையே அடித்துத் துரத்தினால் பழுது போகாது.

கீழே இருப்பது சிஎன்ஜியிலும் பெட்ரோலிலும் ஓடும் சின்ன லாரிகளுக்கானது: ஏஸ், இன்ட்ரா, தோஸ்த், சூப்பர் கேரி மாதிரி வண்டிகள். இவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார்; இரண்டும் புகையில் மிச்சமுள்ள ஆக்ஸிஜனைப் பார்ப்பவை. யூரியா ஊற்றும் பிஎஸ்-6 டீசல் லாரியில் இருப்பது பெரும்பாலும் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்ஸைடு) சென்சார். ஒயரின் மறுமுனையில் அதற்கென்று தனிப் பெட்டி இருக்கும். வோல்ட் அளக்கும் பகுதி அதற்கு ஆகாது. லீக், ஒயர், எர்த் பார்க்கும் பகுதிகள் மட்டும் பொருந்தும்.

1. வேலைக்கு விடும் முன்: பில்லும் பழைய பாகமும்

வண்டி வாரண்டியில் இருந்தால் வாரண்டி புத்தகத்தை எடுத்து, வெளிப் பட்டறையில் எக்ஸாஸ்ட்டை வெட்டினால் க்ளெய்ம் நிற்குமா என்று பாருங்கள். மாசுக்கட்டுப்பாட்டு பாகங்களுக்குத் தனி வாரண்டிக் காலம் எழுதியிருக்கலாம்.

பில்லில் "சைலன்ஸர் வேலை" என்று ஒற்றை வரி போதாது. எந்தப் பாகம், பார்ட் நம்பர் என்ன, எந்த ஜாயிண்டில் பேக்கிங் மாற்றியது, எங்கே வெல்டிங் வைத்தது என்று எழுதி வாங்குங்கள். பின்னால் லீக் தேடும்போது அந்த வரிகள்தான் வழி காட்டும்.

கன்வர்ட்டரை மாற்றச் சொன்னால் பழையதைக் கட்டாயம் திரும்பக் கேளுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது; பழசுக்கும் நல்ல விலை உண்டு. "அடைச்சிக்கிச்சு, உள்ளே குத்தி எடுத்துட்டா வண்டி நல்லா இழுக்கும்" என்ற பேச்சுக்குத் தலையாட்டினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்ற பி0420 கோடு வரும், பியூசி (புகைச் சான்றிதழ்) போகும், எஃப்சியில் (வண்டித் தகுதிச் சோதனை) மாட்டும். பின் சென்சாருக்கு அடியில் அதைப் புகையிலிருந்து விலக்கி வைக்கும் ஸ்பேசர் வைத்து விளக்கை ஏமாற்றுவதும் அதே கணக்குதான்.

வெல்டிங் உண்டு என்றால் நீங்களே நின்று மூன்றைச் செய்யச் சொல்லுங்கள்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது, சென்சார்களைக் கழற்றி எடுத்து வைப்பது, வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுவது. கிளாம்பை சேஸியின் அந்தக் கோடியில் மாட்டினால் மின்சாரம் எந்த வழியாகச் சுற்றி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. கோடை அழிக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்

ஸ்டியரிங்குக்கு அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும். போனில் கோடு பார்க்கும் சின்ன புளூடூத் ஓபிடி அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது போதும். சில வண்டிகளோடு மலிவான அடாப்டர் பேசாது, ஆகவே வாங்கும்போதே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

கோடு, பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாதது), ஃப்ரீஸ் ஃபிரேம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளக்கு எரிந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, சூடு எவ்வளவு, ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ எரிபொருளைக் கூட்டிய அல்லது குறைத்த சதவீதம்) எவ்வளவு என்பதை ஃப்ரீஸ் ஃபிரேம் பதிந்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பட்டறைப் பையன் பாசமாக "கிளியர் பண்ணிட்டேண்ணா" என்று சொன்னால், பாதி ஆதாரம் அப்போதே போயிற்று.

3. கோடு எந்தப் பக்கம் கை காட்டுகிறது

சின்ன லாரிகளில் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் இருப்பதால் பேங்க் 1 மட்டும்தான். சென்சார் 1 கன்வர்ட்டருக்கு முன்னால், சென்சார் 2 பின்னால். இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல சென்சாரைக் கழற்றியவர்கள் நிறைய.

பி0135 முன் சென்சாரின் ஹீட்டர் (சென்சாரைச் சூடேற்றுவது), பி0141 பின் சென்சாரின் ஹீட்டர். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் இரண்டு சென்சாரும் ஒன்றாகச் சாகவில்லை. முதலில் ஃப்யூஸ் பெட்டிக்குப் போங்கள். ஒரு ஹீட்டர் ஒயர் மேனிஃபோல்டில் பட்டு உருகினால் பொது ஃப்யூஸ் எரிந்து இரண்டும் படுக்கும்.

பி0131 முன் சென்சாரில் வோல்ட் குறைவு, பி0171 கலவை லீன், அதாவது காற்று அதிகம், எரிபொருள் குறைவு. இவை எக்ஸாஸ்ட் வேலைக்குப் பிறகு வந்தால் சென்சாருக்கு முன்னால் காற்று உள்ளே இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். பி0137 பின் சென்சாரின் வோல்ட் குறைவு. கன்வர்ட்டரின் பின் ஃபிளான்ஜை (பைப்புகளை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) பாருங்கள்.

பி0132, பி0138 வோல்ட் அதிகம். சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் சுமார் 1 வோல்ட்டுக்கு மேல் தானாக உண்டாக்காது. திரையில் 1.2க்கு மேல் நின்றால் அது புகையின் குணமாக இருக்க முடியாது. சிக்னல் ஒயரும் 12 வோல்ட் ஹீட்டர் ஒயரும் எங்கோ உருகி ஒட்டியிருக்கின்றன.

பி0134, பி0140 சேதியே இல்லை: கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) மாட்டவில்லை, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. பி0133 சென்சார் மந்தம். பி0420 கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்பது. ஆனால் இரண்டு சென்சாருக்கும் நடுவில் லீக் இருந்தாலும் இதே கோடு வரும். புது கன்வர்ட்டர் வாங்கும் முன் அந்த லீக்கைப் பார்த்துவிடுங்கள்.

4. ஆறிய வண்டியின் அடியில்

வேலூர் வெயிலில் மதியம் நிறுத்திய வண்டி சாயங்காலம்வரைகூட ஆறாது. முந்தின இரவே நிறுத்தி, விடியலில் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு அல்லது பிட் வேண்டும். சிஎன்ஜி சிலிண்டரின் வால்வை மூடிவிடுங்கள்.

சென்சாரிலிருந்து கப்ளர்வரை ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பிளாஸ்டிக் உறை பளபளத்திருந்தால் சூடு தொட்டிருக்கிறது. ஒயரைப் பிடித்திருந்த கிளிப் காணாமல் போயிருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டை இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கிறதா என்பதும் இதே நேரத்தில்.

சில வண்டிகளில் முன், பின் சென்சார்களின் கப்ளர்கள் ஒன்றுபோலவே இருக்கும், ஒயரும் எட்டும். மாற்றி மாட்டினால் ஈசியூ பின்னால் உள்ள சென்சாரைப் பார்த்து முன்னால் கலவையைத் திருத்திக்கொண்டே போகும். சோதிப்பது சுலபம்: சாவி ஆனில் முன் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள், திரையில் சென்சார் 1 மாற வேண்டும். சென்சார் 2 மாறினால் விஷயம் முடிந்தது.

5. லீக் தேடுவது

முழுக் கட்டுரையில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

வெளியே புகை அடிக்கிற லீக், உள்ளே காற்றை எப்படி இழுக்கும்? ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளியதும் பைப்பில் ஒரு நொடிப்பொழுது அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைகிறது. அந்த இடைவெளியில் ஓட்டை வழியாகக் காற்று நுழைகிறது. சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து "எரிபொருள் போதவில்லை" என்கிறது. ஈசியூ இன்னும் கேஸ் ஊற்றுகிறது. வண்டி உண்மையில் ரிச்சாக (எரிபொருள் அதிகமாக) ஓட, கோடு மட்டும் லீன் என்கிறது. மைலேஜ் விழுவது இதனால்தான். மேனிஃபோல்டு முகம், முன் ஃபிளான்ஜ், சென்சார் திருகும் போஸ் (பைப்பில் வெல்டு வைத்த மரை வளையம்), சென்சாரை ஒட்டிப் பின்னால் உள்ள ஜாயிண்ட், இந்த நான்கிலும் சந்தேகம் வைக்கலாம்.

பழைய மெக்கானிக்குகள் ஜாயிண்டில் கரிப்படலம் தேடுவார்கள். சிஎன்ஜியில் கரி கிட்டத்தட்ட விழாது, அதனால் "கரி இல்ல, லீக் இல்ல" என்ற தீர்ப்பை ஏற்காதீர்கள். அதற்குப் பதில் நீரைத் தேடுங்கள். சிஎன்ஜியில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேன் எரியும்போது நீராவி நிறைய வரும். காலையில் முதல் ஸ்டார்ட் போட்ட ஓரிரு நிமிடத்தில் லீக்கான ஃபிளான்ஜ் ஓரம் பனித்து ஈரமாகும், சில நேரம் ஒரு சொட்டு தொங்கும். பைப் சூடானதும் காய்ந்துவிடும். டார்ச்சோடு அந்த ஓரிரு நிமிடத்துக்கு முன்பே தயாராக இருங்கள், விரலை மட்டும் விடாதீர்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடுவது ஆளைக் கொல்லும்.

இதிலும் தெரியவில்லையென்றால் சோப்பு நீர். ஒரு ஷாம்பு பாக்கெட்டை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கி ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். இன்ஜின் ஆஃப், பைப் ஆறியிருக்க வேண்டும். வால் பைப்பில் ப்ளோயரை வைத்து, சுற்றிலும் துணியால் அடைத்து ஊதுங்கள். கம்ப்ரெஸர் மட்டும்தான் இருக்கிறது என்றால் 2, 3 பிஎஸ்ஐ போதும். டயருக்கு ஊதும் அழுத்தத்தைக் கொடுத்தால் நல்ல பேக்கிங்கும் போகும். இப்போது ஒவ்வொரு ஜாயிண்டாக நனையுங்கள். நுரை பொங்கும் இடம் லீக். சைலன்ஸர் டப்பாவின் அடியில் சின்னத் துளை ஒன்றில் நுரை வந்தால் பதறாதீர்கள், அது தேங்கும் நீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது.

லீக் கிடைத்தால் புது பேக்கிங்தான், நசுங்கிய பழசைத் திரும்பப் போடக் கூடாது. நட்டுகளை ஒரு பக்கம் முழுதாக இறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் அப்பிச் சரிக்கட்ட விடாதீர்கள். காடி வாசனை அடிக்கும் சாதா சிலிக்கானின் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதை மந்தமாக்கும். சில வாரத்தில் பி0133 வந்து நிற்கும். பேஸ்ட் அவசியமென்றால் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபிலேயே அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள்.

6. ஓடும்போது எண்கள் என்ன சொல்கின்றன

இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கட்டும். ஆப்பில் முன் சென்சார் வோல்ட், பின் சென்சார் வோல்ட், ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம் நான்கையும் திறந்து வையுங்கள். சென்சாரில் ஐந்து அல்லது ஆறு ஒயர் இருந்தால் அது வைட்பேண்ட் என்ற வேறு வகை. கீழே சொல்லும் வோல்ட் கணக்கு நான்கு ஒயர் சென்சாருக்கு மட்டும்.

முன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் கன்வர்ட்டர் காலி, அல்லது புதிதாகப் போட்டது சரக்கில்லாதது.

ட்ரிம் ஐட்லிங்கில் +18 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் +3 என்று இறங்கினால் முன்பக்க லீக்கின் கையெழுத்து அது. வேகம் கூடக் கூட பைப்பில் காற்று நுழைய இடைவெளி குறைகிறது, அதனால் தப்பும் குறைகிறது. இன்டேக் ஹோஸ் லீக்கும் இதேபோலக் காட்டும், ஆகவே வேலையின்போது தொட்ட வேக்குவம் ஹோஸ்களையும் ஒரு கண் பாருங்கள். எல்லா வேகத்திலும் +15க்கு மேலேயே நின்றால் எக்ஸாஸ்ட்டை விட்டுவிட்டு கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர் பக்கம் போங்கள்.

பெட்ரோலிலும் ஓடும் வண்டி என்றால் உங்களிடம் இலவசமாக ஒரு சோதனை இருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் எக்ஸாஸ்ட் லீக், ஒயர், சென்சார். கேஸில் மட்டும் என்றால் கேஸ் கிட்.

சென்சார் உயிரோடு இருக்கிறதா? ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை சட்டென்று மிதித்து விடுங்கள். மிதிக்கும்போது 0.8க்கு மேல் பாய்ந்து, விட்டதும் 0.1 பக்கம் விழுந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது. அதை மாற்றச் சொல்பவரிடம் இந்தத் திரையைக் காட்டலாம்.

7. ஹீட்டரும் ஒயரும்

சென்சார் வேலை செய்ய 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சீக்கிரம் சூடேற்றத்தான் ஹீட்டர். பாஷ் வகை ஒயர் நிறத்தில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் சிக்னல் எர்த். டென்ஸோ வகையில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். நிறங்கள் சென்சார் பக்கத்துக்குத்தான். வண்டிப் பக்க ஒயரிங் வேறு நிறத்தில் இருக்கும்.

கப்ளரைக் கழற்றி, சென்சார் ஆறியிருக்கும்போது இரண்டு ஹீட்டர் பின்னுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். பொதுவாக 3 முதல் 15 ஓம்வரை காட்டும். மீட்டர் ஓப்பன் காட்டினால் சென்சார்தான் போயிற்று, இப்போது தைரியமாக மாற்றலாம்.

ஓம் சரியென்றால் வண்டிப் பக்கம் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் மட்டும் போதாது. அரித்த ஒயரும் லோடு இல்லாதபோது 12 காட்டும். 5 வாட் பல்பு ஒன்றை அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் போடுங்கள், பளிச்சென்று எரிய வேண்டும். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் சப்ளை வரும்.

பி0131 நிற்கும்போது சென்சார் கப்ளரைக் கழற்றி திரையைப் பாருங்கள். பல ஈசியூக்களில் 0.45 பக்கம் வந்து நிற்கும். கழற்றியபிறகும் 0 என்றால் சிக்னல் ஒயர் எங்கோ பாடியில் தொடுகிறது.

ஒயரை ஒட்ட வேண்டி வந்தால் கிரிம்ப் செய்யுங்கள், சால்டர் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே எடுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைக்கும். கப்ளருக்குள் கிரீஸ் வைப்பதும் அதே தப்பு.

8. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

சென்சார் விலை வண்டியைப் பொறுத்துச் சுமார் 3,000 முதல் 7,000 ரூபாய்வரை போகும். வேலூரில் ஸ்டாக் இல்லையென்றால் சென்னையிலிருந்து வரவழைக்க ஓரிரு நாள் ஆகலாம்; லோடு ஒப்புக்கொள்ளும் முன் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சென்சார் மேல் உள்ள நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எலக்ட்ரிக்கல் பாகத்தைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது, ஆகவே 7-ஆம் படி முடியாமல் வாங்க வேண்டாம்.

மரை பெரும்பாலும் 18 மில்லி, 1.5 பிட்ச், சாவி 22. இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை கிழியாது. புது சென்சாரின் மரையில், அது இறுகிப் பிடிக்காமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவியே வரும். இல்லையென்றால் மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக் கூடாது. இறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். கீழே விழுந்த சென்சாரைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும்.

புது பைப்பில் போஸ் வெல்டு செய்திருந்தால் கோணத்தையும் பாருங்கள். சென்சாரின் முனை கீழ்நோக்கி, படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். பைப்பின் அடிப்பக்கத்தில் மாட்டினால் தேங்கிய நீர் சூடான பீங்கானில் பட்டு வெடிக்கும். நீராவி அதிகம் விடும் சிஎன்ஜி வண்டிக்கு இது இரட்டிப்பு முக்கியம். வெல்டர் தனக்கு எட்டும் இடத்தில்தான் வைப்பார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

9. அழித்து, ஓட்டி, பியூசிக்குப் போவது

பழுதைச் சரிசெய்த பிறகு கோடை அழியுங்கள். அழித்ததும் ரெடினஸ் மானிட்டர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் ஈசியூ தானே சோதித்து முடித்ததா என்ற கணக்கு) எல்லாம் பூஜ்யத்துக்குப் போகும். இரவு முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங், பிறகு ஊருக்குள் நின்று நின்று பத்து நிமிடம், அதன்பின் கோணவட்டம் தாண்டி பெங்களூர் ஹைவேயில் பள்ளிகொண்டா திசையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஒரு கால் மணி நேரம். நடுநடுவே பிரேக் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தை இறங்க விடுங்கள். பள்ளிகொண்டா டோலுக்கு முன்னாலேயே திரும்பிவிடலாம். சென்சார், ஹீட்டர் மானிட்டர்கள் முதலில் முடியும். கன்வர்ட்டர் மானிட்டர்தான் இழுக்கும், இரண்டு மூன்று நாள் ஓட்டம்கூட ஆகலாம்.

மானிட்டர் முடிந்து, பெண்டிங் கோடும் இல்லை என்றால் பியூசிக்குப் போங்கள். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்குச் சான்றிதழ் 12 மாதம் செல்லும். சிஎன்ஜி, பெட்ரோல் வண்டியில் 2500 ஆர்பிஎம் பக்கம் லேம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு; 1 என்றால் சரியான கலவை) 0.97க்கும் 1.03க்கும் நடுவில் வர வேண்டும். செக் லைட் இல்லாமலேயே லேம்டா கூடி ஃபெயில் ஆனால் பின் சைலன்ஸர் ஜாயிண்டில் லீக் இருக்கிறது. அங்கே சென்சார் இல்லாததால் விளக்கு எரிந்திருக்காது. சான்றிதழ் இல்லாமல் பிடித்தால் அபராதம் 10,000 ரூபாய்வரை போகும்.

எஃப்சி தேதி நெருங்கியிருந்தால் குறைந்தது பத்து நாள் முன்னால் இந்த வேலைகளை ஆரம்பியுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். எஃப்சி அன்று காலையில் கோடை மட்டும் அழித்துவிட்டு அப்படியே ஆர்டிஓ ஆபீஸுக்கு ஓட்டிப் போனால், போகிற வழியிலேயே விளக்கு மறுபடி எரிய வாய்ப்பு அதிகம்.